படத்தின் பின்பக்கத்தில் ஒரு முத்திரை

அப்பா நாதஸ்வரக் கலைஞர். அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதி, பதினொரு படங்களோடு பதிப்பாளரிடம் கொடுத்தேன். "எழுத்து சரி, படங்களுக்கு அனுமதிக் கடிதம் எங்கே?" என்றார். எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் படத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது? படம் கையில் இருப்பது வேறு, அதை அச்சிடும் உரிமை வேறு என்று அவர்தான் பொறுமையாக விளக்கினார்.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நமக்கு. அப்படிப் பார்த்தால், 1971-இல் அப்பா ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் அப்பாவுடையது. அவருக்குப் பிறகு அது எனக்கு மட்டும் சொந்தமில்லை. அக்காவிடமும் தம்பியிடமும் கையெழுத்து வாங்கினேன். "இதுக்குக்கூடவா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டேதான் தம்பி போட்டான்.

கோபுரப் படம் இரண்டை இணையத்தில் எடுத்திருந்தேன். ஒன்று விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில், சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு இருந்தது. எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் போதும், விற்கிற புத்தகத்திலும் போடலாம். இன்னொன்றில் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்றிருந்தது. அதைப் புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டேன்.

அட்டைக்கு நினைத்திருந்த படம்தான் ஒரு மாதம் அலைய வைத்தது. 1986 தேர்த் திருவிழா. கன்னம் உப்ப, கண்ணை மூடி அப்பா வாசிக்கிறார். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்திருக்கிறது. யாரும் சொல்லி எடுத்ததில்லை. உள்ளூர் ஸ்டுடியோக்காரர் தானாக எடுத்து, ஒரு பிரதியை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். திருப்பினால் ஊதா மையில் ஸ்டுடியோ முத்திரை, கீழே பென்சிலில் நெகட்டிவ் எண்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அவரும் காலமாகிவிட்டார். ஆனால் உரிமை அவரோடு போய்விடுவதில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும், எடுத்தவர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அதுவரை அது வாரிசுகளுடையது. விசாரித்து விசாரித்துப் பக்கத்து ஊரில் அவர் மனைவியையும் மகனையும் கண்டுபிடித்தேன்.

கடிதத்தில் எந்தப் படம், எந்தப் புத்தகம், அச்சா மின்னூலா என்று எல்லாம் எழுதினோம். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். மலேசியாவில் இருக்கும் உறவினர்களும் வாங்குவார்கள் என்பதால் 'உலகம் முழுவதும்' என்று சேர்த்தோம்.

"அவர் பேரைப் போடுவீங்களா தம்பி?" என்றுதான் அந்த அம்மா கேட்டார். பணம் வேண்டாமென்றுவிட்டார். அட்டையின் உள்பக்கத்தில் முதல் வரியாகவே போடுவேன் என்று அதையும் கடிதத்தில் எழுதினேன்.

மகன் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி, பென்சில் எண்ணை வைத்து நெகட்டிவைத் தேடி எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எங்களிடம் இருந்த படத்துக்கு அடுத்த பிரேமில், வாசித்து முடித்த அப்பா குனிந்து, நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் பார்க்காத படம். கடிதத்தில் அதன் எண்ணையும் சேர்த்து எழுதிக்கொண்டோம்.