கோட்டைக் கச்சேரி: வைகாசிக் குறிப்புகள்

மே 9

அப்பாவின் தொண்டைப் பரிசோதனை ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார்களாம். எப்போது வரும் என்று கேட்டால் "கோல் எடுப்பம் மிஸ்" என்கிறார்கள்.

மே 10

அப்பா இன்று முழுக்கத் தாளில்தான் கதைத்தார். குரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டொக்டர் சொன்னது, கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், வேலை செய்து ஓய்வுபெற்ற அவருக்குச் சுற்றறிக்கை வந்த மாதிரி. ஒரு எழுத்துக்கூட மீற மாட்டார். பழைய கலண்டர்த் தாள்களை நாலாக வெட்டி மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தாளிலும் இலக்கம் போட்டு எழுதி, கீழே சுருக்கொப்பமும் திகதியும் வைக்கிறார். "1. தேத்தண்ணி சூடு போதாது. 2. ஓய்வூதியச் சிட்டை எங்கே வைத்தாய்?" அம்மா பொறுக்க முடியாமல், "வீட்டுக்க என்ன கச்சேரியா நடத்துறீங்க?" என்றார். அதற்கும் ஒரு தாள் வந்தது. "ஆம்."

அம்மா சிரித்தார். சிரித்து முடித்ததும் குசினிக்குள் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை.

மே 12

தரம் 9 பிள்ளைகளை மட்டக்களப்புக் கோட்டைக்குக் கூட்டிப் போகலாம் என்று அதிபர் சொல்கிறார். சனிக்கிழமைகளில் கோட்டை இருக்கிற புளியந்தீவைச் சுற்றி நடத்திக் காட்டுகிற ஒரு பொடியன் இருக்கிறானாம், முதலில் நான் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமாம். வீட்டில் சொன்னேன். அப்பா பேனையை எடுத்தார்.

"1. எனக்குத் தெரியாத கோட்டையா? 2. போ. 3. பதிவறை எந்தப் பக்கம் என்று அவனிடம் கேள்."

மே 13

இரவு இருமல். இரண்டு மணிக்கு வெந்நீர், நான்கு மணிக்கு மறுபடி.

மே 16, சனி

காலை ஏழு மணி, காந்தி பூங்கா. கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை, வாவி அசையாமல் கிடந்தது. அந்தப் பொடியன் கடற்கரையோர டச்பார்க்காரன், ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பிள்ளை. இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு நெதர்லாந்துக் கணவனும் மனைவியும், கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், களுவாஞ்சிக்குடியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நான். எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சொன்னான். தமிழுக்கு வரும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கி, நமக்கு மட்டும் சொல்வது போல ஆகிவிடும்.

முதலில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் சிலை. 1814இல் மட்டக்களப்புக்கு வந்தவர், 1815 ஏப்ரலில் காலமானார். ஒரு வருடம்கூட முழுசாக இல்லை. அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டார், மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நிற்கிறது. இதை என் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிறகு புனித மிக்கேல் கல்லூரி, 1873. விபுலானந்த அடிகள் படித்த இடம். வெபர் பாதிரியாரையும் கூடைப்பந்தையும் பற்றிச் சொன்னபோது கொழும்புக் குடும்பத்து மகன் அன்று முதல்தடவையாக போனிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

அப்புறம் கோட்டை. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. வாயிலுக்கு மேலே ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரையும் 1682 என்ற ஆண்டும். நெதர்லாந்துப் பெண் நிமிர்ந்து பார்த்தபடியே நின்றார், படம் எடுக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

உள்ளே நிழலில் நிறுத்தி வரலாறு சொன்னான். 1602 மே 31இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்துத் தளபதி கப்பல்களோடு மட்டக்களப்புக்கு வந்து, இங்கிருந்துதான் கண்டி அரசனைத் தேடிப் போனான். 1628இல் போர்த்துக்கேயர் கோட்டையைக் கட்டினார்கள். பத்து வருடத்தில் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரின் வெஸ்டர்வோல்டும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். "1638 மே 18, கோட்டை விழுந்த" என்றான் தமிழில்.

சொல்லிவிட்டு நிறுத்தினான். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. களுவாஞ்சிக்குடி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "சரி, மேல ஏறுவம்" என்றான் பொடியன்.

கொத்தளத்தில் நல்ல காற்று. நாலு மூலையிலும் நாலு கொத்தளம், வாவியைப் பார்த்தபடி பீரங்கிகள். நெதர்லாந்துக்காரர் பாடும் மீனைப் பற்றிக் கேட்டார், வருகிற எல்லோரும் கேட்பார்கள் போலிருக்கிறது. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்தால் கேட்கும் என்றான் பொறுமையாக.

கீழே இறங்கி நீண்ட கட்டடங்களைக் கடந்தபோது, "இஞ்சதான் கச்சேரி இருந்த, இப்ப திராய்மடுவுக்குப் போயிற்று" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அடுத்த பீரங்கிக்குப் போய்விட்டான். பதிவறை எது தம்பி என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதக்கா. என்ன பதிவறை?"

கதவுகள் பூட்டியிருந்தன. நான் ஒரு யன்னலடியில் நின்றேன். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வருவேன். வாசலில் சோதனை, பெட்டியைத் திறந்து காட்டு, புட்டைக் கரண்டியால் கிண்டிக் காட்டு. உள்ளே வந்தால் பைல் மணமும் பசை மணமும். அப்பாவின் முதுகு தெரியும். கூப்பிட மாட்டேன், அவராகத் திரும்பும் வரை நிற்பேன். அந்த யன்னல் இதுதானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெளியே வரும் வழியில் பொடியன் என் பக்கத்தில் வந்தான். "அக்கா, சுனாமிக்குப் பிறகு எங்கிட அம்மம்மா இஞ்ச வந்து வரிசையில நிண்டவ. என்னையும் இடுப்பில வச்சிக்கொண்டு. எங்களுக்கு ஒரு துண்டுத் தாளும் மிஞ்சல்ல."

ஏன் தம்பி இதை எல்லாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன். "இது எங்கிட வீட்டுக் கதைதானே" என்றான்.

மே 17

இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

காலையில் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இரண்டு தாள் எழுதினார். முதலாவது முழுக்க ஒப்பந்தத்தைப் பற்றி. கோட்டை விழுந்து ஐந்து நாளில், 1638 மே 23இல், இதே கோட்டையில் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் ஒப்பம் வைத்தார்கள். பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்துப் படையை வைப்பது அரசன் விரும்பினால் மட்டும் என்ற நிபந்தனை ஒரு பிரதியில் இருந்தது, மற்றதில் இல்லை. பின்னால் வந்த தகராறு எல்லாம் அதிலிருந்துதான். அப்பாவுக்கு இது நானூறு வருடத்துக்கு முந்தின விஷயமே இல்லை. "பிரதிகள் ஒப்பிட்டுப் பார்க்கப்படவில்லை" என்று எழுதி, கீழே அடிக்கோடு இட்டு, சுருக்கொப்பம் வைத்திருந்தார். அந்தக் கோபம் முகத்திலும் இருந்தது.

இரண்டாவது தாளில் ஒரு வரி. "பதிவறை தெரியாதவன் என்ன கோட்டை காட்டினான்?"

மே 18

சந்தியில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சினார்கள். ஒரு சிரட்டை வாங்கி வந்து அம்மாவுக்கும் கொடுத்தேன். அப்பாவால் விழுங்க முடியவில்லை, சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மே 20

ரிப்போர்ட் இல்லை.

தம்பி சூரிச்சிலிருந்து வீடியோக் கோலில். இந்தியாவுக்குக் கொண்டு போங்க, காசைப் பற்றி யோசிக்காதீங்க, ஏன் சும்மா இருக்கிறீங்க. யாரடா சும்மா இருக்கிறது? அப்பா அறைக்குள் இருந்ததால் சத்தம் போடாமல் வைத்துவிட்டேன். மகரகம என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயரை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டு மாமி இன்று சொன்னார். அம்மா எழும்பி உள்ளே போய்விட்டார்.

மே 22

என்னால் இதை விட முடியவில்லை, எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பொடியன் நல்ல பிள்ளை, படித்துத்தான் வந்திருக்கிறான். ஆனால் அவன் சொல்கிற வரலாறு 1795இல் ஆங்கிலேயர் கோட்டையை எடுத்ததோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு யாருமே அந்த வாயிலால் உள்ளே போகாத மாதிரி. போனவர்கள் நாம். வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து விடிய முன்னம் தோணி ஏறி வந்த விவசாயி காணிப் பேமிற்றுக்காக அந்தச் சுவரோரம் குந்தியிருந்தார். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு கூரை இல்லாத சனம் தகரத்துக்கும் அரிசிக்கும் அங்கேதான் வந்தது. நனைந்த பைல்களைக் கயிறு கட்டி வெயிலில் காயப் போட்டதை அப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். 1990க்குப் பிறகு தாய்மார் காணாமல்போன மகன்மாரின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க அப்பாவிடம் ஒரு படிவம்தான் இருந்தது. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் சாப்பிட மாட்டார். பிறகு சுனாமி.

போர்த்துக்கேயர் தாங்கள் கட்டிய கோட்டைக்குள் இருந்தது பத்து வருடம். அப்பா இருந்தது முப்பத்தேழு வருடம். கல்லை யார் அடுக்கினார்கள் என்று கேட்கிற பிள்ளைகளிடம், அந்தக் கல்லில் யார் யார் சாய்ந்து நின்றார்கள் என்றும் நான் சொல்லப் போகிறேன். முத்திரையைப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முத்திரையைப் பார்த்த பிறகு அந்தத் திண்ணையையும் பார்க்கட்டும்.

பொடியனுக்குக் கோல் எடுத்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கிட அப்பாவ நான் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டான்.

மே 23

அப்பா கோட்டைப் படம் வரைகிறார். அடிமட்டம் கேட்டார்.

மே 25

கண்ணகை அம்மன் கோவிலில் வருடச் சடங்குக்குக் கதவு திறந்துவிட்டார்கள். இரவில் உடுக்குச் சத்தம் இங்கே வரை வருகிறது. அம்மா, சடங்கை முடித்து வைக்கிற குளிர்த்தி வரை மச்சம், மாமிசம் இல்லை என்றார். சரி என்றேன். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை.

மே 27

பொடியன் வந்தான். ஒரு பொட்டலம் மஸ்கெற் இனிப்புக் கொண்டு வந்தான். அப்பா வேட்டி மாற்றி, சேட்டுப் போட்டு, மூக்குக் கண்ணாடியோடு மேசையில் இருந்தார். யாராவது முறைப்பாட்டோடு வந்தால் அப்போதும் இப்படித்தான் இருப்பாராக்கும். அவன் "ஐயா" என்று நின்றுகொண்டே இருந்தான், அப்பா கதிரையைக் கையால் காட்டிய பிறகுதான் இருந்தான்.

அந்தப் படம் முழுப் பெரிய தாளில். வாயில், கொடிக்கம்பம், காசாளர் அறை, காணிக் கிளை, சாரதிகள் குந்துகிற வேம்படி, பதிவறை. பதிவறைக்குள் எந்த அலுமாரியில் எந்த ஆண்டுப் பைல் என்றுகூட எழுதியிருக்கிறார். பொடியன் விரலால் தொட்டுத் தொட்டுப் போனான். வாவிப் பக்கத்துத் திண்ணையில் விரலை நிறுத்தி, "சுனாமிக்கு வரிசை இஞ்சதானே ஐயா?" என்றான்.

அப்பா தலையாட்டினார். பிறகு எழுதினார். "1. வரிசை வாயிலுக்கு வெளியேயும் போனது. 2. பறங்கியர் குடும்பங்களுக்குத் தனிப் பட்டியல் எழுதினேன். 3. பட்டியலில் உள்ளவர்கள் எல்லோரும் வரவில்லை."

அவன் மூன்றாவது வரியைப் படித்தான். அவனுடைய அம்மாவின் பெயரைச் சொன்னான். அப்பா பேனையைக் கீழே வைத்தார்.

நான் தேத்தண்ணி போட எழும்பிவிட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் படத்தில் வேறு ஏதோ ஒரு மூலையைப் பற்றி, ஒருவர் வாயாலும் ஒருவர் தாளாலும், வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

மே 28

அப்பா நன்றாகத் தூங்கினார். இருமல் ஒரு தரம்தான்.

மே 30

தூங்கவே இல்லை. தாளில் எழுதவும் மாட்டேன் என்கிறார். கழுத்தில் வீக்கம் கூடியிருக்கிறது, எனக்கு மட்டும் அப்படித் தெரிகிறதா என்று அம்மாவிடம் கேட்கப் பயம். ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 1

குளிர்த்தி. அம்மா வேப்பிலையும் தீர்த்தமும் கொண்டு வந்து அப்பாவின் தொண்டையில் தடவினார். கடவுள் விஷயத்தில் எப்போதும் கேள்வி கேட்கிற மனிதர், இன்று கழுத்தை நீட்டிக் கொடுத்தார்.

ஜூன் 2

பின்னேரம் கோல் வந்தது. ரிப்போர்ட் வந்துவிட்டதாம். என்ன என்று போனில் சொல்ல மாட்டார்களாம். நாளைக் காலை எட்டரைக்கு நோயாளியையும் கூட்டி வரட்டாம். "நோயாளியையும்" என்றால் என்ன அர்த்தம் என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்கிறார். எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லி வைத்தேன்.

அரை மணித்தியாலத்தில் பொடியனின் கோல். சனிக்கிழமை பெரிய குழு ஒன்று வருகிறது, எல்லாம் நம் ஊர்ச் சனம்தானாம். ஐயா வந்து அந்தத் திண்ணையில் பத்து நிமிடம் இருந்தால் போதும், கதைக்கத் தேவையில்லை, படத்தைக் காட்டித் தானே சொல்வானாம். நாளை விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் போனேன்.

கலண்டர்த் தாளை எடுத்தார்.

"1. போகலாம். 2. வாகனத்தை வாயில் வரை விடுவார்களா என்று கேள். 3. படத்தில் காசாளர் அறைக் கதவு பிழையான பக்கத்தில் உள்ளது. அழிறப்பர் கொண்டு வா."