டிரேக் கடலில் தம்பி, நீரோடியில் அப்பா

நவம்பர் 28

தம்பியின் கப்பல் உசுவாயாவிலிருந்து கிளம்பிவிட்டது. அர்ஜென்டினாவின் தென்கோடி ஊர் அது. அண்டார்டிகா போகும் சுற்றுலாக் கப்பல், சாப்பாட்டுக்கூடத்தில் அவனுக்கு வேலை. நடுவில் டிரேக் நீரிணை, சுமார் 800 கிலோமீட்டர், தாண்ட இரண்டு நாள். இரவு 8.30க்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது, அங்கே மதியம் 12. மேசைத் துணியை நனைத்து விரித்தால்தான் தட்டு வழுக்காதாம், நடைவழிக் கைப்பிடி முழுக்க வாந்திப் பை செருகியிருக்கிறதாம்.

"காத்து எங்கேருந்து?" குமரிக் கடலோரம் நீரோடியில், எங்கள் வீட்டில், அப்பா அதைத்தான் முதலில் கேட்டார். மேற்கிலிருந்து என்றேன். "இவன் தெக்க போறான், அலை விலாவுல அடிக்கும், உருட்டத்தான் செய்யும்." அந்தப் பக்கம் பூமியைச் சுற்றி எங்குமே காற்றைத் தடுக்க நிலம் கிடையாது என்று நெட்டில் பார்த்துச் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார்.

நவம்பர் 29

இன்று பயணிகளின் கோட்டு, பை எல்லாவற்றையும் வேக்குவம் போட்டு உறிஞ்சினார்களாம். பாக்கெட் மடிப்பில் ஒரு புல் விதைகூட இருக்கக் கூடாது, அங்கே போய் முளைத்துவிடும். பூட்ஸ் அடியைக் குண்டூசியால் நோண்டிக்கொண்டிருந்தாராம் ஒரு பாட்டி. கரையில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கவும் முடியாது.

அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாகக் கடல் தண்ணீர் சட்டென்று குளிர்ந்து மூடுபனி வந்துவிட்டதாம். வடக்கத்தி வெதுவெதுப்பு நீரும் அண்டார்டிக் குளிர்நீரும் சந்திக்கிற இடம். "ரெண்டு நீவாடு சேருதா? அங்க இரை நிக்கும் மக்களே, பறவையப் பாக்கச் சொல்லு" என்றார் அப்பா. நீரோட்டத்தைத்தான் நீவாடு என்பார். கப்பலில் இதையே படம் போட்டு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார்களாம்: கூனிப்பொடி மாதிரி கிரில், அதைத் தேடி வரும் திமிங்கலம், பறவைகள். அப்பா 40 வருஷம் தூண்டில் போட்டுச் சுறா பிடித்தவர்.

நவம்பர் 30

காலையில் கோயிலில் ஒக்கி பூசை. 2017 ஒக்கி புயலில் கடலோடு போனவர்கள் தூத்தூர் பக்கத்து ஊர் எல்லாவற்றிலும் உண்டு, பொழியூரிலும் உண்டு. அப்பா பூசை முடிந்தும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இரவு தம்பி வீடியோ அனுப்பினான். கப்பலின் பின்னால் ஒரு அல்பட்ராஸ், விரித்த இறக்கை 3 மீட்டருக்கு மேல் இருக்குமாம், ஒரு தடவைகூட அடிக்காமல் அலையோரக் காற்றிலேயே சரிந்து சரிந்து வருகிறது. அப்பா நாலு முறை போட்டுப் பார்த்தார்.

"அந்தக் கப்பல் வயர்லெஸ் எவ்வளவு தூரம் கேக்கும்?"

சாட்டிலைட்டுப்பா, எங்கே நின்றாலும் கேட்கும் என்றேன். சரி என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.