40 மார்க் அபராதம்

ஜூலை 6, ஞாயிறு

பெஞ்ச் கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம். கோர்ட் இன்னும் கனவில் வருகிறது. இந்த வாரம் படிப்பது 1670இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு. க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூடத்தை அதிகாரிகள் பூட்டிவிட, அவர்களில் ஒருவரான வில்லியம் பென் கிரேஸ்சர்ச் தெருவில் நின்றே பிரசங்கம் செய்தார். சட்டவிரோதமாகக் கூட்டம் சேர்த்ததாக அவர் மீதும் இன்னொரு க்வேக்கரான வில்லியம் மீட் மீதும் வழக்கு.

தொப்பி விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். க்வேக்கர்கள் யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். உள்ளே வரும்போதே நம் டவாலி மாதிரி ஒருவர் அதை எடுத்துவிட்டார். பெஞ்ச் விடவில்லை. திரும்ப மாட்டச் சொல்லி, மாட்டியதும், ஏன் கழற்றவில்லை என்று ஆளுக்கு 40 மார்க் அபராதம்! மார்க் என்பது அந்தக் காலப் பணக் கணக்கு, 40 மார்க் 26 பவுண்டுக்கும் மேல்.

ஜூலை 8, செவ்வாய்

ஜூரி, அதாவது குற்றமா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள், 12 பேர். முதலில் 8 பேர் குற்றம் என்ற பக்கம், 4 பேர் மறு பக்கம். நால்வரில் எட்வர்ட் புஷல் மீதுதான் பெஞ்சில் இருந்த லண்டன் மேயர் ஸ்டார்லிங்குக்கு எரிச்சல். திருப்பி அனுப்பினார்கள். வந்து சொன்னது: "கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றம்." அவ்வளவுதான். 'சட்டவிரோதக் கூட்டம்' என்ற வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வரவே இல்லை. தெருவில் பேசுவது எந்தச் சட்டப்படி குற்றம்? அதை எப்படிப் பதிவு செய்வது என்று அந்த ஊர் கிளார்க் முழித்திருப்பார், பாவம்.

அப்புறம் ஜூரியை இரண்டு இரவு பூட்டி வைத்தார்கள். சாப்பாடு, தண்ணீர், நெருப்பு, புகையிலை எதுவும் கிடையாது. மூத்திரச் சட்டி கேட்டார்கள், அதுவும் இல்லை. புஷலின் மூக்கை அறுப்பேன் என்றார் மேயர்.

ஜூலை 9, புதன்

செப்டம்பர் 5 அன்று 12 பேரும் சொன்னது: குற்றமில்லை. மூக்கறுபட்டவர் மேயர்தான்.

எனக்குப் புஷலைவிட அந்த 8 பேர்மேல்தான் யோசனை. பசித்தவன் சீக்கிரம் வீடு போகிற பக்கம்தானே சாய்வான்? இவர்கள் தங்களுக்கே அபராதம் விழுகிற பக்கம் சாய்ந்தார்கள். சட்டியை மறுத்ததுதான் அவர்களைத் திருப்பியிருக்கும் என்பது என் கட்சி.

ஜூலை 12, சனி

ஜூரிக்கும் ஆளுக்கு 40 மார்க். கட்டும்வரை நியூகேட் சிறை. புஷல் கட்டவில்லை. ஆட்கொணர்வு மனு போட்டார். தலைமை நீதிபதி ஜான் வாகனிடமிருந்து மனசாட்சியைப் பற்றி ஒரு பெரிய உரையை எதிர்பார்த்தேன். அவர் சொன்னது சாதாரணம்: ஒருவன் இன்னொருவன் கண்ணால் பார்க்க முடியாது, காதால் கேட்க முடியாது, அதேபோல இன்னொருவன் புத்தியால் முடிவுக்கு வரவும் முடியாது. நீதிபதி சொன்னதையே ஜூரி சொல்வதானால் ஜூரி எதற்கு? வறட்டு வாதம்தான், ஆனால் கெட்டி. தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கிற வழக்கம் அதோடு போயிற்று.

எழுத மறந்தேன். குற்றமில்லை என்றான பிறகும் பென்னும் மீடும் வீட்டுக்குப் போகவில்லை, நியூகேட்டுக்குத்தான் போனார்கள். தொப்பி அபராதம் பாக்கி இருந்ததே.