பாதி நசுங்கிய எறும்பு

நேற்று ராத்திரி புத்தகத்தை மேஜையில் வைக்கும்போது கவனிக்காமல் ஒரு எறும்பை நசுக்கிவிட்டேன். முழுசாகக்கூட நசுங்கவில்லை. பின்பகுதி மேஜையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, முன்கால்கள் இழுத்துக்கொண்டே இருந்தன, உணர்கொம்புகள் ரெண்டும் அங்குமிங்கும் துழாவின. இதற்கு வலிக்குமா?

பூச்சிக்கு வலியே கிடையாது, எல்லாம் அனிச்சைச் செயல் என்றுதான் ரொம்ப நாளாக நம்பியிருந்தேன். அப்படிச் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. கால் நசுங்கிய பூச்சி நொண்டாமல் அதே காலை ஊன்றி நடக்கும்; கும்பிடுபூச்சி தன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே வெட்டுக்கிளி தன் பாட்டுக்கு இலையை மென்றுகொண்டிருக்கும். இதையெல்லாம் 1984லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

ஆனால் என்னை மாற்றியது தேனீக்கள்தான். 2011ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு வாசனை வந்தால் இனிப்பு, இன்னொன்று வந்தால் கசப்பு என்று தேனீக்களைப் பழக்கினார்கள். அப்புறம் அதில் சிலவற்றை, கூட்டை ஏதோ விலங்கு தாக்குவதுபோல, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு, ரெண்டு வாசனையும் கலந்ததைக் காட்டினார்கள். குலுக்கப்பட்ட தேனீக்கள் அது கசப்பாகத்தான் இருக்கும் என்பதுபோல நாக்கை நீட்டவே தயங்கின, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன், செரோடோனின் என்ற ரசாயனங்களின் அளவும் உடம்பில் குறைந்திருந்தது. பதறிப்போன மனுஷனும் அப்படித்தானே, எதைப் பார்த்தாலும் கெட்டதாகவே தோன்றும்.

ஈயும் அப்படித்தான். 2015ல் பசியோடிருந்த பழ ஈக்களின் மேல் நிழலை ஓடவிட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டை விட்டுச் சிதறிய ஈக்கள் நிழல் போனதும் உடனே திரும்பவில்லை, எத்தனை தடவை நிழல் மேலே ஓடியதோ அந்த அளவுக்குத் தாமதித்தன. வெறும் அனிச்சை என்றால் நிழலோடு முடிந்திருக்க வேண்டும், இல்லையா? அதனால் பயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

வலி விஷயத்தில் அவ்வளவு அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் 2022ல் லண்டனில் பம்பிள்பீ தேனீக்களுக்கு 55 டிகிரி சூட்டில் ரெண்டு தட்டும் சூடில்லாமல் ரெண்டு தட்டும் வைத்தபோது, எல்லாவற்றிலும் ஒரே இனிப்பு என்றால் சூட்டை ஒதுக்கின, சூடான தட்டில் இனிப்பு கூடுதல் என்றால் சூட்டைப் பொறுத்துக்கொண்டு போய்க் குடித்தன. இது எடைபோட்டுப் பார்க்கிற வேலை. சுட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அது போன்றதில்லை.

சரி, எறும்புக்கு வருகிறேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரே அழுத்தாக அழுத்தி முடித்துவிட்டேன். அப்புறம் எழுந்துபோய், ஈ ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கிற அந்தப் பசை அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். அதில் ஒன்று இன்னும் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது.