லயத்து முகவரியோடு முதலாம் தரத்துக்கு

இலங்கையில் அரச பாடசாலையொன்றின் முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்க எவரும் வரிசையில் நிற்கத் தேவையில்லை. கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றறிக்கையோடு தரும் மாதிரிப் படிவத்தைப் பார்த்து விண்ணப்பத்தைத் தயாரித்து, அதிபரின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் வீடு தேடி வரும். எங்களுக்கு அது தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு வந்தது. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் தொடர் வீடுகளுக்கு) தனி முகவரி இல்லாத எல்லோருக்கும் கடிதங்கள் அங்கேதான் வரும். ஆனாலும் அந்த நேர்முகப் பரீட்சைக்கு முந்திய இரவு முழுவதையும், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள நகரப் பாடசாலையொன்றின் வாயிலில், ஏறக்குறைய எங்களைப் போன்றே தோட்டங்களிலிருந்து வந்திருந்த பெற்றோருடன் நானும் என் மனைவியும் கழித்தோம்.

முந்திப் போனால் கூடுதலாக ஒரு புள்ளிகூடக் கிடைக்காது என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரியும். தெரிவு முழுவதும் புள்ளிகளின்படிதான் நடக்கிறது. அனுமதியில் 50 சதவீதம் அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு, 25 சதவீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 சதவீதம் ஏற்கெனவே அங்கு படிப்பவர்களின் சகோதர சகோதரிகளுக்கு என்று சுற்றறிக்கையிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். மிகுதி கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோருடைய பிள்ளைகளுக்கானது. எங்கள் குடும்பத்தில் நகரப் பாடசாலையில் படித்தவர் எவரும் இல்லாததால் முதற்பிரிவு ஒன்றே எங்களுக்குரிய வழியாக இருந்தது.

அப்படியென்றால் ஏன் இரவிலேயே போகவேண்டும்? கோப்பில் ஏதேனும் ஒரு பத்திரம் குறைந்தால், அன்றைய தினமே கொண்டுவந்து கொடுக்கச் சிலவேளை அவகாசம் தருவார்கள் என்று முந்திய ஆண்டுகளில் போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்குக் குறை தெரிந்தால் பிரதேச செயலகத்துக்கு ஓடிப்போய் வர நேரமுண்டு. பிற்பகல் மூன்று மணிக்குத் தெரிந்தால் எதுவும் செய்ய முடியாது. ஒரே நேரத்தைக் குறித்துப் பலருக்கும் கடிதம் வந்திருந்தது. எங்கள் டிவிஷனிலிருந்து புறப்படும் முதல் பஸ்ஸோ அந்த நேரத்துக்குப் பிறகுதான் நகரத்தை எட்டும். முச்சக்கர வண்டிக்கு விடியற்காலையில் கேட்கும் வாடகையைக் கொடுப்பதைவிட, முதல் நாள் மாலையில் கடைசி பஸ்ஸில் இறங்குவதே மேலென்று தோன்றியது.

தென்மேற்குப் பருவமழை ஓயாத காலம். வாயிலுக்கு எதிரே பூட்டியிருந்த கடைகளின் தாழ்வாரத்தில் பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்க, ஆண்கள் மதிலோரம் குடை பிடித்து நின்றார்கள். வந்தவர்களின் பெயர்களை வரிசைப்படி ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொள்ள ஒருவர் தாமாகவே முன்வந்தார். காலையில் பாடசாலைக் காவலாளி அந்தக் கொப்பியை ஏற்பாரோ மாட்டாரோ என்று தெரியாமலேயே எல்லோரும் அதில் பெயர் கொடுத்தோம். (ஏற்றுக்கொண்டார். அவருக்கும் அது ஒரு தொல்லை குறைந்தது போலத்தான்.)

கொப்பியை வைத்திருந்தவர் இரண்டாவது பிள்ளைக்காக வந்திருந்தவர். மூத்த பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் மேன்முறையீடுவரை போய்த் தோற்ற அனுபவத்தில், சுற்றறிக்கையை ஏறத்தாழ மனப்பாடமாக வைத்திருந்தார். மழை சற்று விட்டபோது கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொருவரின் கோப்பையும் வாங்கிப் பார்க்கத் தொடங்கினார். அந்த வெளிச்சத்தில்தான், எங்கள் எல்லோருடைய கோப்புகளும் ஒரே இடங்களில் மெலிந்து போயிருப்பது தெரிந்தது.

முதலாவது, வதிவிடச் சான்று. நகரத்தில் இருப்பவர் வீட்டு உறுதியைக் கொண்டுவந்து வைப்பார். லயத்துக்கு ஏது உறுதி? தலைமுறை தலைமுறையாக இருந்த காம்பிராவாக (லயத்து அறையாக) இருந்தாலும் அது தோட்டத்துக்குச் சொந்தம். துரையின் (தோட்ட முகாமையாளரின்) கடிதம், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம், பிள்ளையின் கிளினிக் அட்டை என்று துண்டு துண்டாகத்தான் நாங்கள் அந்த இடத்தில் வாழ்கிறோம் என்பதை நிரூபிக்கவேண்டியிருந்தது. அவற்றிலும் ஒன்றில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், மற்றொன்றில் எங்கள் ஆட்கள் வழங்கும் பெயர் என்றிருந்தால் இரண்டும் ஒரே இடந்தான் என்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து வேறு வேண்டும்.

இரண்டாவது, வாக்காளர் இடாப்பு. விண்ணப்பத்துக்கு முந்திய ஆண்டுகளில் பெற்றோர் இருவரின் பெயரும் அந்த முகவரியில் பதிவாகியிருந்தால்தான் முழுப் புள்ளி. திருமணமாகி வேறு தோட்டத்துக்கு வரும் பெண்களின் பெயர் பல ஆண்டுகள் பிறந்த வீட்டு இடாப்பிலேயே கிடப்பது மலையகத்தில் வழக்கம். என் மனைவியின் பெயரும் அப்படித்தான் இருந்தது. இதற்கு அந்த இரவில் எவராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு அதுவரை விளங்காதிருந்தது. அதிகப் புள்ளி தூரத்துக்குரியது. ஆனால் அது கிலோமீற்றர் கணக்கில் வழங்கப்படுவதில்லை. வீட்டிலிருந்து விண்ணப்பித்த பாடசாலைவரை நேர்கோட்டில் ஒரு தூரத்தை எடுத்து, வீட்டை மையமாக வைத்து வட்டமொன்று வரைந்தால், பிள்ளையைச் சேர்க்கக்கூடிய ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலைகள் அதற்குள் எத்தனை விழுகின்றனவோ, அத்தனைக்கும் புள்ளி கழிக்கப்படும். தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில் பொறுப்பேற்றது எங்கள் சமூகத்துக்குக் கிடைத்த பெரிய நன்மைகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும் அந்தச் சிறு பாடசாலைகள் ஒவ்வொன்றும், நகரப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் தோட்டத்துப் பெற்றோருக்குக் கழிக்கப்படும் புள்ளியாக மாறிவிடுகிறது. நகரத்துக்கும் எங்கள் லயத்துக்கும் இடையில் அத்தகைய பாடசாலைகள் நான்கு.

கோப்பைப் பார்த்தவர் நான்காவது பாடசாலையின் பெயரில் விரலை வைத்து, “தம்பி, இது ஆத்துக்கு அந்தப் பக்கமில்லையா? உங்க மலையில இருந்து இதுக்குப் பாலம் எங்க இருக்கு?” என்று கேட்டார். பாலம் இல்லை. வரைபடத்தில் கையெட்டும் தூரத்தில் தெரியும் அந்தப் பாடசாலைக்குப் போகவேண்டுமானால், நாங்கள் நகரப் பக்கமாக வந்து பெருந்தெருவைச் சுற்றித்தான் போகவேண்டும். ஆறு, சதுப்பு நிலம், ஒதுக்குக் காடு போன்ற இயற்கைத் தடைகளால் பிள்ளை சென்றடைய முடியாத பாடசாலைக்குப் புள்ளி கழிக்கலாகாது என்று சுற்றறிக்கையிலேயே ஏற்பாடு உண்டென்றும், அதைக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு நாமாகக் கேட்காவிட்டால் எவரும் தாமாகத் தரமாட்டார்களென்றும் அவர் சொன்னார். சுற்றறிக்கைக்குள் கிடக்கும் இதை, தமிழில் அச்சிட்டுத் தோட்ட ஆபீஸ் பலகையில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

எங்களுக்கு இரண்டு இடம் பின்னால், பேரனுக்காக வந்திருந்த ஐயா ஒருவர் தம் குடியுரிமைச் சான்றிதழைப் பொலித்தீன் உறைக்குள் உறையாகச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். 1964ஆம் ஆண்டு இலங்கை - இந்திய உடன்படிக்கையின் கீழ் விண்ணப்பித்து நெடுங்காலம் காத்திருந்து பெற்றது. முதலாம் தர நேர்முகப் பரீட்சையில் அதை எவரும் கேட்பதில்லை என்று சொல்லியும், “கேட்டா என்ன செய்யிறது?” என்று அவர் அதை மீண்டும் உறைக்குள் வைத்துக்கொண்டார். 1948இன் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட தலைமுறையின் பிள்ளையிடம் பத்திரமொன்று தேவையில்லை என்று யாராலும் வாதாட முடியாது.

காலையில் எங்கள் முறை சீக்கிரமே வந்தது. குழுவினர் கோப்பைப் புரட்டி, நான்கு பாடசாலைக்கும் புள்ளியைக் கழிக்கப் போனபோது, ஆற்றின் விடயத்தைச் சொன்னேன். கடிதம் எங்கே என்று கேட்டார்கள். பிற்பகல் இரண்டு மணிவரை நேரம் கொடுத்தார்கள். நல்லவேளையாக அன்று கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாள். அவர் அந்த ஆற்றைத் தெரிந்தவராகையால் வாதம் எதுவுமின்றி எழுதிக்கொடுத்தார். பிரதேச செயலகத்தில் மேலொப்பத்துக்குக் காத்திருந்ததுதான் நேரத்தை விழுங்கியது. மனைவியை வாயிலிலேயே நிறுத்திவிட்டுப் போன நான், கொடுத்த நேரம் முடியுமுன் திரும்பிவிட்டேன்.

சில வாரங்களுக்குப் பின் வீட்டைப் பார்வையிட ஆசிரியர் இருவர் வந்தார்கள். காம்பிராவுக்குள் எட்டிப் பார்த்துப் பெயர்களைக் கேட்டதோடு அவர்களில் ஒருவர், சறுக்கும் மண்ணில் சப்பாத்தோடு தேயிலை மலையினூடாகக் கீழிறங்கி ஆற்றங்கரைவரை போய், மழைத் தண்ணீர் கலங்கி ஓடுவதைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு வந்தார். தற்காலிகப் பட்டியல் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டபோது மகனின் பெயர் கடைசி வரிகளில் இருந்தது. ஆட்சேபனைக்குரிய காலம் முடிந்து வெளியான இறுதிப் பட்டியலிலும் இருந்தது. கொப்பி வைத்திருந்த அண்ணனின் மகளுக்கும் கிடைத்துவிட்டது. ஐயாவின் பேரனின் பெயர் தற்காலிகப் பட்டியலில் இல்லாததால் அவர்கள் மேன்முறையீடு செய்தார்கள்; இறுதிப் பட்டியலிலும் அது வரவில்லை.

இளையவளுக்கு சகோதரர் பிரிவிலும் விண்ணப்பிக்கலாம் என்பதால் எங்களுக்குரிய வழி இனி முதற்பிரிவு ஒன்றே அல்ல. ஆனாலும் இவ்வாண்டு இடாப்புத் திருத்தத்துக்குக் கிராம உத்தியோகத்தர் வந்தபோது, மனைவியின் பெயரை எங்கள் லயத்து முகவரிக்கு மாற்றிப் பதிந்துவிட்டோம்.