வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பேஸ் கிட்டார் பதிவு: இதுவரை நடந்தது

பேஸை அம்பில் (ஒலிபெருக்கியில்) வாசித்து மைக்கில் பிடிக்கும் யோசனையை நான் ஆரம்பத்திலேயே கைவிட்டேன். காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தொடர்மாடி. மைக்கைத் திறந்தால் ரயில் வரும், காகம் வரும், பின்னேரத்தில் பாண் ஓட்டோ பீத்தோவனை வாசித்துக்கொண்டு வரும். போதாததற்கு, பேஸின் அடிச்சுரங்கள் சுவர் வழியாகக் கீழ்வீட்டு அன்ரியின் கட்டில்வரை போகும். ஆகவே கிட்டாரிலிருந்து வயர் நேரே ஓடியோ இன்டர்ஃபேஸுக்கு, அதாவது ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டிக்கு. இதைத்தான் டிஐ என்கிறார்கள். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸும் இப்படி நேரடியாகத்தான் மிக்ஸிங் மேசைக்குப் போனது. அதனால் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

அளவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' பட்டனை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒலியின் மேல்பகுதி மங்கிவிடும். 24 பிட்டில் பதியுங்கள், பலமாக அடிக்கும்போது மீட்டர் -10 டெசிபல் பக்கம் நின்றால் போதும். சிவப்புக்குக் கிட்டப் போகத் தேவையே இல்லை.

தலையிடி தந்தது இரைச்சல்தான். என்னிடம் இருப்பது ஜாஸ் பேஸ் வகை. ஃபெண்டர் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த அமைப்பு, இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்). இரண்டின் சுற்றும் காந்தமும் எதிரெதிர் என்பதால், இரண்டு வொலியூமையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று வந்துவிடும். எனக்கோ பின் பிக்கப் மட்டும் தருகிற, மூக்கால் பேசுகிற ஒலிதான் பிடிக்கும். ஃபெண்டரின் மற்ற வகையான பிரிசிஷன் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1957இலேயே அதன் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, இரைச்சலை அங்கேயே அடக்கிவிட்டார்கள்.

ஃபில்டர் போட்டு வெட்டலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி 49 ஹேர்ட்ஸ். இடைவெளி ஒரே ஒரு ஹேர்ட்ஸ். 50ஐ வெட்டினால் அந்த ஜியின் அடிவயிறும் சேர்ந்து போய்விடும். வெட்டாமல் விட்டால், ஜி நீளமாக நிற்கிற இடத்தில் இரண்டும் மோதி, வினாடிக்கு ஒரு தடவை ஒலி ஊதி ஊதி வற்றும். எங்கள் பாட்டு ஜி மேஜரில் இருந்தது, வேறென்ன சொல்ல! அமெரிக்காக்காரர்களின் வீடியோக்களில் 60ஐ வெட்டச் சொல்வார்கள். அது அவர்கள் ஊர்க் கரண்ட், அங்கே அடிபடுவது பி சுரம். நமக்கு அந்த எண் உதவாது.

எனவே இரைச்சலை அது பிறக்கிற இடத்திலேயே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. லப்டொப்பின் இரண்டு முனை சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிட்டதும் பாதி போனது. அடுத்த ஆள் சீலிங் ஃபேன். ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் 'ஸ்ஸ்' கூடுகிறது, முழு வேகத்தில் குறைகிறது, நிறுத்தினால் இல்லவே இல்லை. கொழும்பு வெக்கையில் ஃபேன் இல்லாமல் வாசிப்பது என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். விரல் வியர்த்து வழுக்கும், ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் துவாய் வேண்டும். கம்பிகளையும் துடைத்துவிட வேண்டும், கடல்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் துரு சீக்கிரம் பிடிக்கும்.

மிச்சத்தைத் தீர்த்தது சுழல் கதிரை. ஹெட்ஃபோனைப் போட்டு, வொலியூமைக் கூட்டி, கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெதுவாகத் திரும்பினேன். திரையை நேராகப் பார்க்கும்போது இரைச்சல் உச்சம். கிட்டாரின் கழுத்து ஜன்னல் பக்கம் சாயச் சாய அது சுருங்கி, ஓரிடத்தில் சட்டென்று அடங்கியது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் மறுபடி எழும்பும். கதிரைச் சில்லுகள் நின்ற இடத்தில் தரையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் கேலிதான், ஆனால் பின் பிக்கப் இப்போது என் வசம்.

அப்புறம் கை. நாங்கள் செய்வது பைலா சாயலில் 6/8 தாளம், சுரத்தை நேரத்துக்கு நிறுத்தாவிட்டால் ஆட்டமே வராது. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். 'டூம்ம்ம்' என்றது 'டும்' என்றாகியது. கம்ப்ரெசரில் (பலமான ஒலியை அடக்கிச் சமப்படுத்தும் கருவி) 4:1, அட்டாக் 30 மில்லி செக்கன் வைத்தேன், விரல் படும் சத்தம் தப்பி வரட்டும் என்று. ஸ்பொஞ்ச் செய்ததோடு பார்த்தால் அது சின்ன உதவிதான்.

ஸ்பீக்கரில் கேட்டபோது திறந்த ஏ கம்பி மட்டும் அறையே அதிர நின்றது. சுரங்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் தொடவில்லை, ஏனென்றால் ஹெட்ஃபோனில் அந்த வீக்கம் இல்லை. அறையின் அகலம் பத்து அடி. அந்த அகலத்துக்குள் அரை அலையாக அடங்குவது சுமார் 56 ஹேர்ட்ஸ், ஏ சுரம் 55. வீங்குவது அறை, பதிவு அல்ல. சின்ன அறைக்காரர்கள் அடிச்சுரங்களை ஹெட்ஃபோனில் தீர்மானிப்பதுதான் நல்லது என்பேன்.

ஃபோனில் கேட்டால் வேறு கதை. திறந்த ஈ 41 ஹேர்ட்ஸ், அந்தக் குட்டி ஸ்பீக்கர் அதை எழுப்பவே எழுப்பாது. 82, 123 என்று மேலே போகும் மடங்குச் சுரங்களில் காதுக்கு எட்டுகிறவற்றை வைத்துத்தான் மூளை அடிச்சுரத்தை ஊகிக்கிறது. அதனால் பேஸை இன்னொரு டிராக்கில் பிரதி எடுத்து, 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, கொஞ்சம் டிஸ்டோர்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) ஏற்றி அடியில் கலந்தேன். தனியாகக் கேட்டால் அசிங்கம், பாட்டோடு கேட்டால் ஃபோனிலும் பேஸ் நடப்பது தெரிகிறது.

பாட்டை மிக்ஸ் செய்யப்போவது ரொறொன்ரோவில் இருக்கும் நண்பன். கலந்ததைக் கேட்டுவிட்டு, "மச்சான், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்டும் போடாத டிஐயைத் தனியா அனுப்பு" என்றான். அனுப்பிவிட்டேன், ஸ்பொஞ்ச் இல்லாத டேக் ஒன்றையும் சேர்த்து.