வெம்ப்ளி 92: மழை மாத நாட்குறிப்பு

நவம்பர் 4, திங்கள்

ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது டோக்கன் நம்பருக்கு. போனில் மறுபடியும் அதே ஆட்டம்தான். 1992 ஆகஸ்ட் 29, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம், சம்மர்ஸ்லாம் மல்யுத்தம். கூட்டம் 80,355 என்று அறிவித்தார்கள். இன்டர்காண்டினென்டல் பட்டத்துக்கு பிரெட் ஹார்ட்டும் பிரிட்டிஷ் புல்டாக் டேவி பாய் ஸ்மித்தும். பிரெட்டின் தங்கை டயானாவின் கணவர்தான் டேவி. குத்துச்சண்டை வீரர் லெனாக்ஸ் லூயிஸ் யூனியன் ஜாக் கொடியோடு வர, கூட டேவி வருகிறார், ஊரே எழுந்து நிற்கிறது.

பெல் அடிப்பதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நவம்பர் 5, செவ்வாய்

அத்தானின் சிறுநீரக ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 8.1. அக்கா அதை ஆதார் நம்பர் மாதிரி ஒப்பிக்கிறாள்.

நவம்பர் 6, புதன்

தூக்கம் வரவில்லை. மழை. எழுதிவிடலாம்.

பள்ளிக்கூட நாளில் எங்களுக்கு மல்யுத்தக்காரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டுதான் எல்லாம். புல்டாக் அட்டை கைக்கு வந்தால் யோசிக்காமல் பைசெப்ஸ் கேட்போம். அவர் பலசாலி, பிரெட் கெட்டிக்காரர். பலசாலி ஜெயித்தார், விஷயம் முடிந்தது என்றுதான் இந்த ஆட்டத்தை அப்போது புரிந்துகொண்டிருந்தேன்.

பிரெட் பிற்பாடு சொன்னது வேறு கதை. ஆட்டத்துக்கு முந்தைய வாரங்களில் டேவி போதைப் பழக்கத்தில் சீரழிந்து கிடந்தார். வரிசையாகப் பேசி வைத்திருந்த ஆட்டம், தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவருக்கு மூச்சு வாங்கி, எல்லாம் மறந்துபோயிற்று. அதையும் பிரெட்டின் காதிலேயே சொன்னாராம். அதற்கப்புறம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடிய அத்தனையையும் பிரெட்தான் அடிக்கு அடி காதில் சொல்லிச் சொல்லி நடத்திவைத்தார். தோற்க வேண்டியவர் அவர். ஜெயிக்க வேண்டியவருக்கு எப்படி ஜெயிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே தோற்றார்.

இது தெரிந்த பிறகு ஆட்டத்தைப் பழையபடி பார்க்க முடிவதில்லை. கண் பிரெட்டின் வாய்க்குப் போய்விடுகிறது. தலையைக் கிடுக்கிப்பிடி போட்டிருக்கும்போது, கழுத்தை நெரிக்கும்போது, தரையில் அழுத்தி வைத்திருக்கும்போது எல்லாம் அந்த ஈர முடி முன்னால் விழுந்து வாயை மறைத்துவிடுகிறது. அது தற்செயலா, தெரிந்தே செய்கிறாரா? மல்யுத்தத்தில் ஓய்வுப்பிடி என்று எல்லாரும் கொட்டாவி விடுகிற இடங்கள்தான் உண்மையில் வேலை நடக்கிற இடங்கள். ஸ்லீப்பர் பிடியில் டேவியை வெகுநேரம் வைத்திருக்கிறார். பார்ப்பவனுக்கு மூச்சை அடைப்பதாகத் தெரியும். மூச்சு வாங்க நேரம் கொடுக்கிறார்.

ஒரு இடத்தில் பிரெட் கயிற்றுக்கு மேலாக வெளியே பாய்கிறார். கீழே நிற்கிறவர் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி சரியாக அமையவில்லை. அதை மூன்று தடவை நிறுத்திப் பார்த்தேன். பிடிக்க வேண்டியவர் எங்கே நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் நிற்கிறார். பாய்கிறவருக்கு அது நடுக்காற்றில்தான் தெரியும்.

மணி இரண்டரை.

நவம்பர் 8, வெள்ளி

வீட்டில் இவளிடம் ஒருவழியாகச் சொன்னேன். முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன், அப்புறம் மற்றது.

பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அவரு தங்கச்சி புருஷன் கிட்ட தோத்தாரு. அப்புறம் என்ன ஆச்சு?"

அக்டோபர் 12, கனடாவில் சாஸ்கடூன் நகரத்தில் ரிக் பிளேரை ஜெயித்து, முதல் தடவையாக உலக சாம்பியன் ஆனார் என்றேன்.

"ஒன்றரை மாசத்துல பெரிய பெல்ட்டே கிடைச்சுடுச்சு. உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள். கையெழுத்து அவளும் போட வேண்டும்.

நவம்பர் 9, சனி

இன்று மாண்ட்ரியல் நாள். 1997 நவம்பர் 9. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பிரெட் ஹார்ட் என்றாலே ஊரில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். ஷான் மைக்கேல்ஸ் போட்ட பிடிக்கு பிரெட் பணியவே இல்லை, கம்பெனி முதலாளி வின்ஸ் மக்மஹோன் மணியடிக்கச் சொன்னார், பிரெட் அவர் முகத்தில் துப்பினார். தெரியும், தெரியும்.

ஏமாற்றித் தோற்கடித்ததை முப்பது வருஷமாகப் பேசுவோம். ஒருவர் சம்மதித்து, திட்டம் போட்டு, அழகாகத் தோற்றதைப் பற்றிப் பேச ஆளில்லை. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

ஒன்று மட்டும். மாண்ட்ரியலுக்குப் பிறகு பிரெட் கம்பெனியை விட்டுப் போனபோது டேவியும் பின்னாலேயே போனார்.

எழுதப்போவதில்லை என்றேன் இல்லையா.

நவம்பர் 11, திங்கள்

24 மணி நேரச் சிறுநீர் கேன். ஐந்து லிட்டர். துணிக்கடைக் கட்டைப்பையில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுபோனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி, "நல்லெண்ணெயா தம்பி, லிட்டர் என்ன விலை?" என்று கேட்டார். அக்காவிடம் சொன்னபோது, இத்தனை நாளில் முதல் தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

லேபில் பேரைத் தப்பாக எழுதி, திரும்ப எழுதினார்கள்.

நவம்பர் 13, புதன்

டயானா.

ஆட்டத்துக்கு முன்னால் அவரிடம் பேட்டி எடுத்துக் காட்டுவார்கள். அண்ணனா புருஷனா என்று தவிப்பார். ஆட்டம் நடக்கும்போதும் கேமரா அவரிடம் போய்ப் போய் வரும். கையைப் பிசைவார், கண்ணைத் துடைப்பார். கல்கரி ஊர் ஹார்ட் குடும்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகள், எட்டு ஆண், நாலு பெண். நாலு பெண்களுமே மல்யுத்தக்காரர்களைத்தான் கல்யாணம் செய்தார்கள். வீட்டின் நிலவறையில் அப்பா ஸ்டூ ஹார்ட் ஆட்களைப் போட்டு நசுக்கிப் பயிற்சி கொடுக்கும் சத்தத்தில் வளர்ந்த பெண் அவர். அப்படிப்பட்டவருக்கு அழுகிற வேலையை மட்டும் கொடுத்தார்கள். கதை எழுதினவர்கள் மேல் எனக்கு இது ஒரு குறை.

ஆனால் அவர் இல்லாவிட்டால் அந்த ஆட்டம் கடைசியில் வந்திருக்காது. உலகப் பட்டத்துக்கான ராண்டி சாவேஜ், அல்டிமேட் வாரியர் ஆட்டத்தையே நடுவில் தள்ளிவிட்டு, இரண்டாம் பட்டத்துக்கான ஆட்டத்தைக் கடைசிக்கு வைத்தார்கள். இங்கிலாந்துக்காரர் இங்கிலாந்தில் ஆடுகிறார் என்பது பாதிக் காரணம். குடும்பச் சண்டை மீதிப் பாதி.

அக்கா இன்று டயாலிசிஸ் அறை வாசலில் நின்று என்னையே பார்த்தாள், கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவளால் முடியாது. அதை அவள் இன்னும் நம்பவில்லை.

நவம்பர் 14, வியாழன்

பொருத்தம் பார்க்கும் கிராஸ் மேட்ச் ரிசல்ட் வரவில்லை. நாளை வாருங்கள் என்றார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

பொருந்துகிறது.

நவம்பர் 16, சனி

நேற்று இரவு பிரெட்டின் ஷார்ப்ஷூட்டர் பிடி வரும் இடத்தை மட்டும் பார்த்தேன்.

இருவரும் ஓடி வந்து கையால் மோதி, ஒரே நேரத்தில் விழுகிறார்கள். மல்லாக்கக் கிடக்கிறார்கள், மார்பு ஏறி இறங்குகிறது. சாதாரணமாக இந்த இடத்தில் நடுவர் எண்ண ஆரம்பிப்பார், யார் முதலில் எழுகிறார் என்று பார்ப்போம். பிரெட் எழவில்லை. கிடந்தபடியே காலை நீட்டி டேவியின் கால்களைத் தேடுகிறார். தன் காலை உள்ளே விட்டு, பின்னி, படுத்த வாக்கிலேயே ஷார்ப்ஷூட்டரைப் பூட்டி, அப்படியே புரண்டு எழுந்து உட்காருகிறார். 80,000 பேருக்கும் என்ன நடக்கிறது என்று புரிய ஒரு நொடி பிந்துகிறது. அந்த ஒரு நொடி அமைதி முடிந்து சத்தம் கிளம்பும் பாருங்கள்.

டேவி கைகளால் ஊர்ந்து கயிற்றைப் பிடித்துவிடுகிறார். அவர் முகத்தில் தெரியும் வலி நடிப்பா இல்லையா என்று கேட்டால், அதற்குள் அவர் இருந்த நிலைமைக்கு நடிக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

இப்போதெல்லாம் நள்ளிரவில் வலதுபக்க விலாவுக்குக் கீழே கை தானாகப் போகிறது. இடதுபக்கச் சிறுநீரகத்தைத்தான் எடுப்பார்களாம். அதையும் இன்றைக்குத்தான் சொன்னார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

இனி அதைப் பார்க்கப்போவதில்லை. பின்னால் நடந்ததெல்லாம் தெரிந்தவன் பார்க்கக் கூடாது.

1998 செப்டம்பரில் டபிள்யூ.சி.டபிள்யூ. மல்யுத்தக் கம்பெனியின் பால் பிரால் நிகழ்ச்சியில் டேவி முதுகு அடிபட விழுந்தார். விழுந்த இடத்தில் மேடைக்குள் ஒரு கள்ளக்கதவு இருந்தது. அல்டிமேட் வாரியர் திடீரென்று தோன்றுவதற்காகச் செய்துவைத்தது. வாரியர், அதே வெம்ப்ளி இரவில் உலகப் பட்டத்துக்கு ஆடியவர். முதுகெலும்பில் தொற்று பரவி மாதக்கணக்கில் படுக்கை. படுக்கையில் இருக்கும்போதே கம்பெனி வேலையை விட்டு எடுத்தது. 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில், அரங்கத்தின் மேலிருந்து இறங்கும்போது விழுந்து ஓவன் ஹார்ட் செத்தார், பிரெட்டின் கடைசித் தம்பி. 2002 மே 18, டேவி. மாரடைப்பு. 39 வயது. அதற்குமுன் டயானாவும் அவரும் பிரிந்துவிட்டிருந்தார்கள். அடுத்த மாதமே பிரெட் சைக்கிளிலிருந்து விழுந்து, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விளங்காமல் கிடந்தார்.

கொடுத்ததெல்லாம் எத்தனை வருஷம் நின்றது? டேவியிடம் அந்தப் பட்டமே அக்டோபர் வரைதான் இருந்தது. ஷான் மைக்கேல்ஸ் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம். அதற்காகவா அந்த ஆள் அன்றைக்கு அப்படி ஆடினார்.

பத்துப் பதினைந்து வருஷம் வரும் என்று டாக்டர் சொன்னார். வரலாம் என்றார், சரியாகச் சொன்னால்.

நவம்பர் 18, திங்கள்

பார்த்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அத்தானுக்கு நாலு மணி நேரம் படுக்கையில் பொழுது போகவில்லை. போனைக் கேட்டார். கொடுத்தேன். அவர் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்தவர் கிடையாது. வாலிபத்தில் நாங்கள் டி.வி. முன்னால் கத்தும்போது, "எல்லாம் செட்டப்புல" என்று சொல்லிவிட்டு நியூஸுக்கு மாற்றுகிறவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்தப் பணத்தின் கோபமும் இருக்கிறது, அது வேறு.

ஒரு கையில் ஊசி, குழாயில் ரத்தம் ஓடுகிறது. மறுகையில் போனை நெஞ்சின்மேல் நிறுத்தி வைத்துப் பார்த்தார். டேவி பிரெட்டைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிக் கயிற்றின்மேல் போட்ட இடத்தில், "ஏ யப்பா" என்றார். ஓடி வந்து போடுகிற பவர்ஸ்லாமுக்குப் பிறகு முடிந்துவிட்டது என்று நினைத்தார். பிரெட் தோளைத் தூக்கியதும் நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டார்.

கடைசியைக் கவனியுங்கள் அத்தான் என்றேன். பிரெட் மேலாகத் தாவிப் புரண்டு டேவியை இழுத்துக் கவிழ்க்கப் பார்க்கிறார். டேவி விழவில்லை, அப்படியே மேலே உட்கார்ந்து பூட்டிவிடுகிறார். மூன்று. அவ்வளவுதான். பெரிய அடி இல்லை, மயக்கம் இல்லை. ஒரு சின்ன பிசகில் தோற்ற மாதிரி இருக்கும். ஜெயித்தவருக்கும் பெருமை, தோற்றவருக்கும் மானம் போகவில்லை.

"இத யாரு யோசிச்சது?"

"தோத்தவருதான் அத்தான்."

அப்புறம் பிரெட் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார், டேவி கையை நீட்டியபடியே நிற்கிறார். அந்த சில நொடிகளை நான் எத்தனை தடவை பார்த்தாலும் பயம் வரும், இந்தத் தடவை திரும்பி வராமல் போய்விடுவாரோ என்று. திரும்பி வந்து கட்டிப்பிடிக்கிறார். டயானா மேலே ஏறி வருகிறார். மூவருமாக நிற்கிறார்கள், வாணவேடிக்கை.

அத்தான் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மாப்ள, நீ ஒண்ணும் அவசரப்படாத. யோசிச்சுச் சொல்லு" என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், 1995 டிசம்பரில் ஹெர்ஷியில் இதே இருவரும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள், அதில் பிரெட் ரத்தம் வழிய ஜெயித்தார், அது இன்னும் நன்றாக இருக்கும் என்றேன்.

"அதயும் வை, வியாழக்கிழமை பாப்போம்."

நவம்பர் 20, புதன்

உறுப்பு தானக் கமிட்டியில் என்னென்ன கேட்பார்கள் என்று கோஆர்டினேட்டர் சொல்லித் தந்தார். பணம் வாங்கினீர்களா என்பார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்பார்கள். மைத்துனர் என்பதால் கேள்வி அதிகம், உறவுக்குச் சான்றாகப் பழைய போட்டோ வேண்டும். அக்கா கல்யாண ஆல்பத்தைத் தேடினோம். கரையான் அரித்ததுபோக நாலு படம் தேறியது. ஒன்றில் நான் அத்தான் காலுக்கு மெட்டி... இல்லை, கைக்கு மோதிரம் போடுகிறேன். அரைக்கால் டவுசர். இருவரும் கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்க்கிறோம்.

இவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். "எப்போ போகணும்?" என்றாள். 

நவம்பர் 21, வியாழன்

கமிட்டி தேதி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஆதார் ஜெராக்ஸ் மூன்று, ரேஷன் கார்டு ஒரிஜினல், இவளுடைய போட்டோ இரண்டு.

ஹெர்ஷி ஆட்டத்தை டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். டயாலிசிஸ் மூன்று மணிக்கு. இதில் டேவி எதையும் மறக்கவில்லை, மூன்று வருஷத்தில் ஆளே வேறு. அத்தானிடம் முதலில் இதைச் சொல்லக் கூடாது, அவரே கண்டுபிடிக்கிறாரா என்று